மைக் பரந்தாமனைத் தெரியாதவன்

ஃபெலிக்ஸுக்குத் தோற்கத் தெரியாது. ஆள் தங்கமான ஆள், அதில் சந்தேகமே வேண்டாம். பக்கத்து வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்பான். மாதா கோயில் திருவிழா என்றால் தேர் இழுக்க முன்னால் நிற்பான். ஆனால் ஒரு கேரம் போர்டு ஆட்டத்தில் தோற்றுவிட்டால் போதும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ரெண்டு நாள் வீட்டில் யாரிடமும் பேச மாட்டான். கல்யாணமான புதிதில் அவன் மனைவி பெனிஷா இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். போகப் போக அவளுக்கும் சிரிப்பு வருவது நின்றுபோனது.

அப்படிப்பட்டவனுக்கு வாரா வாரம் தோற்பதற்கு என்றே ஒரு ஆட்டம் வாய்த்தது. அதற்குப் பேர் 'ஆள் யாரு'. ஆடுகிறவர்கள் நாலு பேர், ஆவடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். அண்ணனூரில் ஃபெலிக்ஸ். கள்ளிக்குப்பத்தில் தேவா. வெள்ளானூரில் புது ஃபிளாட் வாங்கிக்கொண்டு போன கார்த்திகா. பூந்தமல்லியில் ஜன்னல், கதவுக்கு மாட்டுகிற ஸ்கிரீன் துணிக்கடை வைத்திருக்கும் ஜமீர். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது வீடியோ காலில் ஆரம்பித்தது. ஊரடங்கு போயும் ஆட்டம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜமீர் மஃரிப் தொழுதுவிட்டு வந்து கடைக்குள் உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆட்டம் சுலபம்தான். ஒருத்தர் ஒரு பிரபலத்தை மனதில் நினைத்து, பெயரை எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நடுவில் ஆளை மாற்றிவிட்டான் என்று பின்னால் யாரும் சண்டைக்கு வரக் கூடாது பாருங்கள், அதற்காக. ஃபெலிக்ஸ் தன் மகள் ரியாவின் சிலேட்டில் எழுதிக் கவிழ்ப்பான். மற்ற மூணு பேரும் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்கலாம், மொத்தம் இருபது. பதில் 'ஆமா', 'இல்ல', அவ்வளவுதான். இருபதுக்குள் கண்டுபிடிக்காவிட்டால் மறைத்தவருக்கு ஜெயம். நெட்டில் தேடக் கூடாது. யாரும் யாரையும் போய்ப் பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? நம்பிக்கைதான்.

ஃபெலிக்ஸ் மறைக்கிற ஆட்கள் சாமானியமாக இருக்க மாட்டார்கள். மற்றவர்கள் நடிகர், கிரிக்கெட் வீரர் என்று போவார்கள். இவன் எங்கேயோ ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்து வில்லனைப் பிடித்துக்கொண்டு வருவான். ரேடியோவில் செய்தி வாசித்த அம்மா ஒருத்தரைக் கொண்டுவருவான். மலை ஏறினவன், சர்க்கஸ்காரன், சதுரங்கத்துக்காரி என்று தோண்டி எடுப்பான். தேவாவும் கார்த்திகாவும் முழி முழியென்று முழிப்பார்கள். ஜமீர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் நாலைந்து கேள்வி கேட்பான். அப்புறம் நிதானமாக நிமிர்ந்து, ஒரு சிரிப்புச் சிரித்து, பெயரைச் சொல்லிவிடுவான்.

முதலில் இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. "உன் மண்டைக்குள்ள ஒரு கேமரா வெச்சிருக்கான்டா அவன்" என்று தேவா கிண்டல் செய்வான். ஃபெலிக்ஸும் சிரித்துக்கொண்டே சிலேட்டைத் திருப்பிக் காட்டுவான். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்த்த கம்பெனியைத் தூக்கிக்கொண்டுபோய் ஓரகடத்தில் வைத்தார்கள். மிஷினை எல்லாம் பத்திரமாக ஏற்றிக்கொண்டு போனவர்கள் ஆட்களில் பாதியை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பாதியில் ஃபெலிக்ஸும் ஒருத்தன். தரம் பார்க்கிற பிரிவில் அத்தனை வருஷம் பிறர் செய்ததில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினவன், இப்போது காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். போட்ட விண்ணப்பத்துக்கெல்லாம் பதில் வரவில்லை. வாரம் பூராவும் அவனுக்கு நடந்த நல்ல காரியம் என்றால் ஜமீர் கடை சாத்துகிற நேரத்தில் பேசுகிற பேச்சும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும்தான்.

ஆமாம், அந்தப் பேச்சைச் சொல்ல மறந்துவிட்டேன். ஜமீர் தினமும் ஷட்டரை இழுத்துவிட்டு ஃபோன் போடுவான். அவன் வண்டியை எடுக்கிற வரைக்கும் ஃபெலிக்ஸ் பேசுவான். எதைப் பற்றி என்றெல்லாம் கிடையாது. படித்தது, பார்த்தது, பழைய கதை, வாய்க்கு வந்தது. ஜமீர் "உம்" கொட்டிக்கொண்டு கேட்பான். பேசி முடித்த கையோடு ஃபெலிக்ஸுக்கு என்ன பேசினோம் என்றே நினைவில் இருக்காது. பேசுகிறவனுக்கு எங்கே நினைவிருக்கிறது, கேட்கிறவனுக்குத்தானே இருக்கும்?

வேலை போனதும் தோற்பது வேறு மாதிரி வலித்தது. அங்கே வேண்டாம் என்று விட்டார்கள், இங்கே இவன் வாரா வாரம் நாலு கேள்வியில் கவிழ்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஃபெலிக்ஸ் சாப்பிடாமலே எழுந்து போனான். அடுத்த ஞாயிறும் அப்படியே. அந்தச் சமயத்தில்தான் அவன் புத்திக்குள் அந்தப் பாழாய்ப்போன சந்தேகம் நுழைந்தது. ஜமீர் ஏன் எப்போதும் குனிந்துகொண்டே இருக்கிறான்? கை ஏன் ஸ்கிரீனில் தெரிவதே இல்லை? கீழே இன்னொரு ஃபோனை வைத்துக்கொண்டு தேடுகிறான், வேறென்ன?

தேவா மறைக்கிற ஆளை ஜமீர் பாதி நாள் கோட்டை விடுவான். கார்த்திகா மறைத்தாலும் திணறுவான். நெட்டில் தேடுகிறவன் எல்லாரையும் அல்லவா கண்டுபிடிக்க வேண்டும்? இதை யோசிக்க ஃபெலிக்ஸுக்கு மனசு வரவில்லை. ஏமாற்றித்தான் ஜெயிக்கிறான் என்றால் நாம் தோற்கவில்லை என்று அர்த்தம் ஆகிறதே, அந்தச் சுகத்தை விடுவதற்கு யாருக்கு மனசு வரும்?

பொறி வைத்தான். நெட்டில் எங்கே தேடினாலும் கிடைக்காத ஒரு பிரபலத்தை மறைப்பது. அப்படி ஒருத்தர் இருந்தார், மைக் பரந்தாமன். அண்ணனூர் கிரவுண்டில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடந்தால் வர்ணனை அவர்தான். பந்து போடுகிறவனின் சொந்த பந்தம் மொத்தத்தையும் இழுத்து வைத்துப் பேசி, கேட்ச் விட்டவனை அவன் மாமியார் முன்னால் நிறுத்திக் கேட்பதுபோல் கேட்டு, கூட்டத்தைச் சிரிக்க வைத்து உருட்டுவார். ரயில் பெட்டிகள் நிற்கிற கார் ஷெட் வரைக்கும் அவர் குரல் கேட்கும். அண்ணனூரில் அவரைத் தெரியாதவன் கிடையாது. பூந்தமல்லிக்காரனுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை சிலேட்டில் பெயரை எழுதிக் கவிழ்த்தான். தேவா ஆம்பளையா என்று கேட்டான், ஆமா. கார்த்திகா நடிகரா என்று கேட்டாள், இல்ல. ஜமீர் உயிரோடு இருக்கிறாரா என்றான், ஆமா. விளையாட்டுக்காரரா, இல்ல. தமிழ்நாடா, ஆமா. மறுபடி ஜமீர் முறை வந்தது. அவன் தலையைத் தூக்காமலே, கையில் மைக் இருக்குமா என்று கேட்டான்.

ஃபெலிக்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமா என்றான். அவ்வளவுதான், அடுத்த கேள்வியில் ஆள் காலி என்று நினைத்தான். ஆனால் அடுத்து ஜமீர் கேட்டது, கட்சிக்காரரா. அதற்கடுத்து, பாட்டுக்காரரா. அப்புறம் கல்யாண வீட்டில் கச்சேரி செய்பவரா என்று ஏதோ உளறினான். இருபது கேள்வியும் தீர்ந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஃபெலிக்ஸ் சிலேட்டைத் திருப்பினான். தேவா, இது யாருடா புதுப் பிரபலம் என்று கத்தினான். ஜமீர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, கை தட்டினான். அந்தக் கைதட்டலோடு விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

விட்டானா? "இன்னா ஜமீரு, இன்னிக்கு நெட்டு வேலை செய்யலையா?" என்று கேட்டான் ஃபெலிக்ஸ்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஃபெலிக்ஸே விளக்கினான். நெட்டில் இல்லாத ஆளாகப் பார்த்து மறைத்தேன், பார், பையனுக்கு வாயே திறக்கவில்லை, இத்தனை மாதமாகக் கீழே ஃபோனை வைத்துத் தேடிக்கொண்டுதான் நம்மை முட்டாளாக்கியிருக்கிறான் என்று புள்ளி வைத்துக் கோலம் போடுவதுபோல் அடுக்கிச் சொன்னான். தேவா விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தான். கார்த்திகா சிரிக்கவில்லை. சமையல்கட்டிலிருந்து பெனிஷா ஈரக் கையோடு ஓடிவந்து வாசலிலேயே நின்றாள்.

ஜமீர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நீ ஜெயிச்சிட்டே மச்சான்" என்றான். வீடியோ காலைத் துண்டித்தான். அப்புறம் நாலு பேரும் இருந்த வாட்ஸ்அப் குழுவை விட்டும் போனான்.

மறுநாள் கடை சாத்துகிற நேரத்துக்கு ஃபோன் வரவில்லை. தப்பு செய்தவன் அவன், அவனே கூப்பிடட்டும் என்று ஃபெலிக்ஸ் இருந்தான். அந்த வாரம் கழிந்தது, மாதமும் கழிந்தது. ஆட்டம் மூணு பேரோடு நொண்டிக்கொண்டு நடந்தது. நடுவில் கார்த்திகா ஒருநாள் கூப்பிட்டு, தப்பு பண்ணிட்டடா, போய்ப் பேசுடா என்றாள். உனக்கு ஒண்ணும் தெரியாது என்று இவன் சண்டைக்குப் போனான். சொன்னால் கேட்கிற ஆளா அவன்?

பக்ரீத் வந்தது. வருஷா வருஷம் அன்றைக்கு மத்தியானம் ஜமீர் டிபன் கேரியரோடு அண்ணனூர் வந்துவிடுவான். மேல் அடுக்கில் பிரியாணி, கீழ் அடுக்கில் கறி, ரியாவுக்கென்று தனியாக ஒரு டப்பாவில் இனிப்பு. கிறிஸ்துமஸ் கேக் இங்கிருந்து அங்கே போகும். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் பெனிஷா சோறு வைக்கவில்லை. ரியா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜமீர் மாமா இன்னும் வரலையே, வரலையே என்று வந்து வந்து கேட்டாள். மூணு மணிக்குமேல் பெனிஷா எழுந்துபோய் அரிசி களைந்து குக்கரில் வைத்தாள்.

ஃபெலிக்ஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. குட்டு வெளிப்பட்டவன் எந்த மூஞ்சியோட வருவான் என்றான். அதைக் கேட்டதும் பெனிஷா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவரு தேடல. அன்னிக்கு நான்தான் அண்ணனை உங்களுக்கு விட்டுக்குடுக்கச் சொன்னேன்."

அவன் விழித்தான். அவள் அழாமல் சொல்லப் பார்த்தாள், முடியவில்லை. அதற்கு முந்தின நாள் ஜமீருக்கு அவளே ஃபோன் செய்திருக்கிறாள். வேலை போனதிலிருந்து இவர் நொந்துபோய் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஆனால் சாப்பிடுவதுகூட இல்லை, இந்த ஒரு வாரம் அவரை ஜெயிக்க விடுங்க அண்ணா என்று கேட்டிருக்கிறாள். இவ்வளவுதானே தங்கச்சி, இதுக்கா அழுவுறே என்று சொல்லியிருக்கிறான் அவன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று ஃபெலிக்ஸ் கேட்டான். பொண்டாட்டி பிச்சை கேட்டு வாங்கின ஜெயம் என்று தெரிந்தால் நீங்கள் தாங்குவீர்களா, அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன், இத்தனை நாள் மூடினது என் தப்புதான் என்றாள். ஃபெலிக்ஸால் அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. கையில் மைக் இருக்குமா என்று அன்றைக்கு ஜமீர் கேட்டது அப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. தெரியாதவன் கேட்கிற கேள்வியா அது? தெரிந்துகொண்டே அந்த இடத்திலிருந்து வேண்டுமென்று வழி மாறிப் போயிருக்கிறான். அந்தக் கருணையைத்தான் இவன் திருட்டுக்குச் சாட்சியாக நாலு பேர் முன்னால் எடுத்துக் காட்டியிருக்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலையிலேயே கிளம்பினான். அண்ணனூரில் ரயில் ஏறி ஆவடியில் இறங்கி, பூந்தமல்லி பஸ்ஸைப் பிடித்தான். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தான். பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் எல்லாம் மறந்துபோனது.

கடையில் ஜமீர் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ஒரு பெரிய பச்சை நிற ஸ்கிரீன் துணியைப் போட்டுக்கொண்டு குனிந்தபடி கொக்கி கோத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு டப்பா நிறையக் கொக்கிகள். கை பாட்டுக்கு வேலை செய்தது. ஃபெலிக்ஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். இத்தனை மாதமாக அந்தக் கை செய்துகொண்டிருந்த வேலை இதுதான். திங்கட்கிழமை டெலிவரிக்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கோப்பது. வா என்று சொல்லி ஜமீர் துணியை ஒதுக்கி வைத்தான். டீக்குச் சொன்னான். ரியா எப்படி இருக்கிறாள், வேலை ஏதாவது கிடைத்ததா என்று விசாரித்தான். இதற்குப் பதிலாக ரெண்டு அறை விட்டிருந்தால் ஃபெலிக்ஸ் சந்தோஷப்பட்டிருப்பான்.

"மன்னிச்சிரு ஜமீரு. பெனிஷா எல்லாம் சொல்லிட்டா."

"விடு மச்சான். அவளை ஒண்ணும் சொல்லாதே."

டீ வந்தது. குடித்தார்கள். கடைசியில் ஃபெலிக்ஸ் கேட்டேவிட்டான். அந்த மைக் பரந்தாமனை உனக்கு எப்படித் தெரியும், நான் நினைக்கிற எல்லா ஆளையும் உனக்கு எப்படித்தான் தெரிகிறது? ஜமீர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறாயா என்றான். நெட்டெல்லாம் எனக்கு எதுக்குடா, புதன்கிழமை ராத்திரி நீதானே அரை மணி நேரம் அந்தப் பரந்தாமனைப் பற்றிப் பேசினே என்றான். அந்த வில்லன் நடிகரையும் நீதான் சொன்னே, அந்தச் செய்தி வாசிக்கிற அம்மாவையும் நீதான் சொன்னே. வாரம் பூரா நீ என்ன பேசுறியோ அதுதான் ஞாயிற்றுக்கிழமை சிலேட்டில் வரும், எனக்கு அந்த ஆட்களைத் தெரியாது, உன்னைத்தான் தெரியும் என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். ஃபெலிக்ஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கடைக்கு வந்த ஒரு அம்மா பயந்துபோய் அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

ஜமீர் எழுந்து வந்து அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். நேற்று வண்டியை எடுத்தேன், கேரியரோடு பருத்திப்பட்டு வரைக்கும் வந்துவிட்டேன், அதுக்குமேல வண்டி போகவில்லை, அங்கே ஒரு அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன், ரியாகிட்ட மட்டும் சொல்லாதே என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வாடா என்று ஃபெலிக்ஸ் கெஞ்சினான். ஜமீர் துணியை எடுத்து மறுபடி மடியில் போட்டுக்கொண்டான்.

"உன்மேல கோவம் இல்ல மச்சான், சத்தியமா. ஆனா யோசிச்சுப் பாரு. நாளைக்கு நான் வந்து ஆடி டக்குனு சொல்லிட்டேன்னு வெச்சுக்கோ, உன் கண்ணு என் கைக்குத்தான் போவும். சொல்லலைன்னு வெச்சுக்கோ, பாவம்னு விட்டுக்குடுத்தான்னு நெனப்பே. நான் எப்பிடித்தான்டா ஆடுறது?"

"இனிமே அப்பிடி நெனைக்க மாட்டேன்டா."

"நெனப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

ஜமீர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டான். ராத்திரி ஃபோன் பண்ணுகிறேன் என்றான் ஃபெலிக்ஸ். பண்ணு என்றான் அவன். ஃபெலிக்ஸ் பண்ணினான். ஜமீர் எடுத்தான், பேசினான், ரியாவைக் கேட்டான். கஸ்டமர் நிற்கிறார்கள் என்று வைத்தான். மறுநாளும் இவன்தான் கூப்பிட்டான். ஃபெலிக்ஸ் எதையாவது பேச ஆரம்பிப்பான், பாதியில் தானே நிறுத்திக்கொள்வான். முன்னால் எதைப் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினவன், இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தான். அப்படிப் பேசினால் எத்தனை நாளைக்குப் பேச முடியும்? பேச்சு குறைந்து, ஒருநாள் விட்டு ஒருநாளாகி, வாரத்துக்கு ஒன்றாகி நின்றது.

இதற்கிடையில் திருமழிசைப் பக்கம் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. சின்னக் கம்பெனிதான், பழைய வேலையேதான். பெனிஷா மாதாவுக்கு மாலை வாங்கிப் போட்டாள். விஷயத்தை ஜமீருக்கு மெசேஜில் சொன்னான். ரொம்ப சந்தோஷம் என்று உடனே பதில் வந்தது, கூடவே ஒரு பூங்கொத்துப் படமும் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஃபெலிக்ஸ் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஃபெலிக்ஸ் பழைய காலத்து ஹாக்கி கோல்கீப்பர் ஒருத்தரை மறைத்தான். தேவாவும் கார்த்திகாவும் இருபது கேள்வியும் கேட்டுப் பார்த்துக் கையை விரித்தார்கள். ஃபெலிக்ஸ் சிலேட்டைத் திருப்பினான். இது தொடர்ந்து எத்தனையாவது ஜெயம் என்று அவனுக்கே தெரியவில்லை. தேவா பெயரைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"யார்ரா இந்த ஆளு? இவரைப் பத்தி நீ யார்கிட்டயாவது ஒரு தபா சொல்லியாவது கீறியா?"

ஃபெலிக்ஸ் சிலேட்டைத் துடைத்தான். ஒரு வாரமாக அந்த கோல்கீப்பரின் கதையைத்தான் அவன் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தான். சொல்வதற்கு அவ்வளவு இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை.